தனிப்பாய்

கலியாணமான முதல் வருடத்தில் என் புருசனின் இடுப்பில் படர்தாமரை வந்தது. கிண்ணியாவில் என் உம்மாவின் வீட்டோடு நாங்கள் குடியிருந்தோம். அவருக்குப் பாதையில் வேலை. சனத்தையும் வண்டிகளையும் துறை கடத்திவிடும் மிதவையைத்தான் பாதை என்போம். உப்புத் தண்ணீரில் நனைந்த சாரன் நாள் முழுக்க அவர் இடுப்பிலேயே காயும். அந்த ஈரத்தில் சிவப்பு வட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு பரவின.

டவுன் டொக்டர் களிம்பு கொடுத்து, இது தொற்றும், சுகமாகும் வரைக்கும் பாயும் உடுப்பும் வேறாக இருக்கட்டும் என்றாராம். மற்ற எதையும் காதில் போட்டுக்கொள்ளாத மனுசன் இதை மட்டும் சட்டமாக எடுத்துக்கொண்டு, பாயைச் சுருட்டி முன் அறைக்குப் போய்விட்டார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

அரிப்பு நின்றதும் களிம்பை விட்டார். வட்டம் திரும்பி வந்தது. பிறகு விழுங்கக் குளிசை கொடுத்தார்கள். வட்டம் மங்கியதும் அதையும் பாதியில் விட்டார். மூன்றாம் தரம் ஒன்றுவிடாமல் குடித்தும் அது போகவில்லை.

"மருந்துக்கே அடங்குதில்ல புள்ள. கொஞ்சக் காலம் மூதூர்ல உம்மாட்ட போய் இருக்கன். உனக்கும் தொத்திட்டா என்ன செய்யிற?"

பெண் வீட்டில் இருக்கும் மாப்பிள்ளை தாய் வீட்டுக்குப் போனால் ஊர் என்ன கதைக்கும் என்று எனக்குத் தெரியும். ஊரை நான் கணக்கில் எடுக்கவில்லை. அவர் இல்லாத வீட்டை நினைக்கத்தான் ஏலாமல் இருந்தது.

அந்த மாதங்களின் பகல்கள் இன்றைக்கும் பாதித் தூக்கமாகவே நினைவில் இருக்கின்றன. உம்மா கண்ணயர்ந்திருப்பார். கொடியில் என் புருசனின் சாரன் காற்றில் உப்பி, உள்ளே ஆள் நிற்பது போல நிற்கும். அதை எடுத்து வந்து போர்த்திக்கொண்டு படுப்பேன். சவர்க்காரத்தையும் மீறிக் கடலும் தாரும் மணக்கும். கண்ணை மூடினால் வீடு மெல்ல மிதக்கும். அக்கரை தெரியும், ஆனால் வந்து சேராது. பின்னேரம் அசர் தொழுகைக்குப் பாங்கு கேட்டதும் எழுந்து, சாரனை மடித்து அலுமாரியில் அவர் தட்டில் வைப்பேன்.

மூதூர் போக முன்பு டொக்டரை ஒருக்கால் கேட்போம் என்று பிடிவாதம் பிடித்து நானும் கூடப் போனேன்.

"பாதியில பாதியில விட்டா பங்கசுக் கிருமி மருந்துக்குப் பழகிப்போகும் தம்பி. பிறகு கொல்லுறது கஷ்டம். ஆனா இந்த முறை முழுக்கக் குடிச்சிருக்கிறீங்க. வீட்டில வேற ஆருக்கும் இருக்கோ? அவையிட்ட இருந்து திரும்பியும் வரலாம்."

"இல்ல டொக்டர். நான் இவட கிட்டவே போறல்ல," என்றார் புருசன், பெருமையாக.

நான் சட்டைக் கையைச் சற்று உயர்த்திக் காட்டினேன். வேர்க்குரு என்று நினைத்துச் சொறிந்துகொண்டிருந்த இடத்தில் சின்னதாக ஒரு வட்டம் இருந்தது.

"அவர் கிட்ட வராம இது எப்பிடி வந்தது?"

"அவர்ட சாரனைப் போத்திக்கொண்டு படுக்கிறனான்," என்றேன். "பிறகு மடிச்சு வைப்பன்."

டொக்டர் குனிந்து வெகுநேரம் எழுதினார். என் புருசனின் காது சிவந்துபோயிருந்தது.

"அப்ப மருந்து தோக்கேல்லப் போல. ரெண்டு பேரும் மாறி மாறிக் குடுத்திருக்கிறீங்க. இனி ஒண்டாக் குடியுங்கோ. வட்டம் மறைஞ்சாலும் நான் சொல்லும் மட்டும் விடக் கூடாது. கொழுப்புச் சாப்பாட்டோட எடுத்தாத்தான் குளிசை உடம்பில சேரும். உடுப்பைக் கொதிதண்ணியில அவிச்சு வெயில்ல போடுங்கோ."

"பாய், டொக்டர்?" என்று கேட்டார் இவர்.

"ரெண்டு பேருக்கும் ஒரே வருத்தம். இனி எதுக்கு ரெண்டு பாய்?"

குளிசையோடு சாப்பிடவென்று இவர் துறையில் ஒரு சட்டி எருமைத் தயிர் வாங்கினார். மற்றவர்கள் பாதையை இழுக்க, தன் வேலையையும் மறந்து சட்டியைப் பிடித்தபடி என் பக்கத்தில் நின்றார்.

"உனக்குத் தொத்தக் கூடாதெண்டுதானே புள்ள," என்றார்.

"தொத்தினதுதான் நல்லம்," என்றேன்.

பாதை அக்கரையில் முட்டி நின்றது.