மரம் ஏற்றும் சைடிங்கில் மாமா

நேற்று தெருவில் தார் உருக்கும் வாசனை வந்ததும், யுத்தகாலத்தில் தென்காசிக்கு வெளியே எங்கள் வயலை ஒட்டி, கடற்படைக் கப்பல்களுக்கு மலைமரங்களை ஏற்றி அனுப்பப் போட்டிருந்த ரயில் சைடிங்குக்கே, அந்தக் கிளைத் தண்டவாளத்துக்கே, நினைவில் போய்விட்டேன். யுத்தம் முடிந்ததும் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டார்கள். ஆனால் வெயிலில் தார் கசியும் சிலீப்பர் கட்டைகளும், யானைகள் மரத்தடிகளை உருட்டும் சத்தமும், குற்றாலச் சாரலில் நனைந்த மரத்தின் மணமும் எனக்குள் அப்படியே இருக்கின்றன.

கடற்படைக் கப்பலில் வேலைக்குப் போன மாமாவிடமிருந்து, அதாவது அம்மாவின் தம்பியிடமிருந்து, வெகுநாளாய்த் தகவல் இல்லை. மரம் ஏற்றத் துறைமுகத்திலிருந்து காலி வண்டி வரும்போதெல்லாம் அம்மா நடவை நிறுத்தி நிமிர்ந்து பார்ப்பாள். நான் வரப்பில் எஞ்சினோடு போட்டிபோட்டு ஓடுவேன்.

ஒருநாள் காலையில் வந்த வண்டியில், மரத்தை வாங்கிப்போக வந்த கடற்படைக்காரர்கள் சிலர் நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருவர் தொப்பியைக் கழற்றி ஆட்டி, "யக்கா! நாந்தாங்க்கா!" என்று கத்தினார்.

அம்மா நாற்றைப் போட்டுவிட்டு, வரப்பு வாய்க்கால் பாராமல் ஓடினாள். வண்டி நிற்பதற்குள் மாமா குதித்துவிட்டார்.

"ஏலே, உசுரோட இருக்கியாலே!"

"இருக்கேங்க்கா, அழாத."

"யாருலே அழுதா?" என்று அழுதுகொண்டே அவரைக் கட்டிக்கொண்டாள். அவருடைய வெள்ளை உடுப்பு முழுக்க எங்கள் வயல் சேறு. எஞ்சின் டிரைவர் சிரித்துக்கொண்டே விசிலை விடாமல் ஊதினார்.