அக்கா தன் கதை என்று நம்பிய கதை

அத்தாவின் செருப்புக் கடையில் எப்போதும் புது ரப்பர் வாசனை அடிக்கும். என் முதல் கதை அச்சான பத்திரிகை தபாலில் அங்கேதான் வந்தது. நின்றபடியே படித்தேன். என் பெயர் அச்சில்...

சின்னக் கதை. டெய்லரின் மனைவி ஒருத்தி, ஒருநாள் அடுப்பை அணைத்துவிட்டு வெள்ளிமலை பஸ் ஏறிப் போய்விடுகிறாள். அவ்வளவுதான். வெள்ளிமலையை அதுவரை நான் பார்த்ததுகூட இல்லை. பஸ் போர்டில் படித்த பெயர்.

ரஹீமா அக்காவை உள்ளூரிலேயே கொடுத்திருந்தோம். மச்சான் டெய்லர் இல்லை, மளிகைக் கடைக்காரர். ஆனால் கதையில் வந்தவளுக்கு அக்காவைப் போலவே இரண்டு பெண் குழந்தைகள்.

அக்காவின் கதைதான் என்று பேச, தெருவுக்கு அது போதுமானதாக இருந்தது.

மச்சான் பத்திரிகையோடு கடைக்கே வந்துவிட்டார்.

"இன்னா மாமா, என் வூட்டு விஷயத்த உங்க சின்னப் பொண்ணு ஊருக்கே எழுதிக்கினு கீது?"

"வெறும் கதைங்க மாப்ள..."

"கதைன்னா எதுக்கு ரெண்டு பொண்ணு?"

 இனிமேல் நான் எழுதவே கூடாது என்று அத்தா அன்றே சொல்லிவிட்டார்.

சாயங்காலம் அக்கா வந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, மெதுவாகக் கேட்டாள்.

"நான் போய்டணும்னு நெனச்சது உனக்கு எப்படிடி தெரியும்? யார்கிட்டயும் சொல்லலியே நான்..."

"சத்தியமா தெரியாதுக்கா. கற்பனைதான்."

அவள் நம்பவில்லை. "வுடு. இனிமே எங்க போறது? தெருமுனைக்குப் போனாலே பாத்துக்கினு இருப்பாரு."

அப்படித்தான் ஆனது. அதன்பிறகு அக்கா எங்கள் வீட்டுக்குக்கூடத் தனியாக வந்ததில்லை.

கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத்தான் மறுபடி எழுத ஆரம்பித்தேன். இப்போது எல்லாம் ஃபேஸ்புக்கில். கதை போட்ட கொஞ்ச நேரத்தில், "உங்க சொந்தக் கதையா மேடம்?" என்று யாராவது கேட்பார்கள். "கற்பனைங்க" என்று எழுதினால் ஒரு ஹார்ட் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். வாசகர் தப்பாகப் புரிந்துகொள்வது இப்போது இவ்வளவு லேசான விஷயம்...

போன பெருநாளுக்கு அக்கா மச்சானோடு என் வீட்டுக்கு வந்திருந்தாள். இரண்டு பெண்களுக்கும் கல்யாணம் முடிந்துவிட்டது. தலை பாதி நரைத்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கமென்டுக்குப் பதில் டைப் செய்துகொண்டிருந்தேன். கடைத்தெருவுக்குப் போயிருந்த மச்சான் வாசலில் பைக்கை நிறுத்தும் சத்தம் கேட்டது.

அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"ஃபோன உள்ள வையிடி. எழுதறன்னு நெனச்சிக்கப் போறாரு."

வைத்துவிட்டேன்.