பதினேழு மணி நேரம்

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில், ரூட் பதினெட்டு சாலையில் ஒரு சிக்னலில் ஷம்சாத் தூங்கிப்போனாள். கண் சொக்கியது என்று சொல்ல முடியாது, நிஜத் தூக்கம். கால் பிரேக்கின் மேலேயே கிடந்தது அவள் நல்ல நேரம். பச்சை விழுந்து, திரும்பச் சிவப்பு விழுந்து, பின்னால் நின்ற கார்கள் ஹாரன் அடித்து ஓய்ந்து ஒதுங்கிப் போன பிறகு ஒரு போலீஸ்காரர் வந்து கண்ணாடியைத் தட்டினார். குடித்திருக்கிறாளோ என்று பார்த்தார். இல்லை என்று தெரிந்ததும், கடைசியாக எப்போது ஒரு முழு இரவு தூங்கினாள் என்று கேட்டார். ஷம்சாத் யோசித்தாள். யோசித்துக்கொண்டே இருந்தாள். அவர் அபராதம் ஒன்றும் எழுதாமல், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் அவள் வீட்டு வாசல் வரை பின்னாலேயே காரில் வந்துவிட்டுப் போனார்.

அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. மருந்துக் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் கணவர் ஹாமிதுக்கு பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பாலங்களைச் சோதித்துச் சான்று கொடுக்கும் இன்ஜினியராக இருந்தவர். பேச்சும் நாலைந்து சொற்களோடு நின்றுபோனது. ராத்திரியில் இரண்டு மூன்று முறை இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டுவார். பாத்ரூமுக்காக, இல்லையென்றால் புரட்டிப் படுக்க வைப்பதற்காக. உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் பலமுறை சொன்னார். ஒவ்வொரு முறையும் ஹாமித் தலையை ஆட்டி, தெளிவாக வரும் சொற்களில் ஒன்றைச் சொல்வார்: "வேணாம்." அந்நிய மனுஷன் தன்னைக் குளிப்பாட்டுவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஷம்சாத்தும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

போலீஸ்காரர் வந்த கதையை மகள் ரிதாவிடம் போனில் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ரிதா நியூவார்க்கில் மூன்றாம் வருடம் படிக்கிறாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அம்மா, திஸ் இஸ் நாட் ஃபன்னி. ஐ ஆம் கமிங் ஹோம் திஸ் வீக்கெண்ட். யூ கோ சம்வேர்."

"எங்கடி போறது?"

"எனிவேர். ஜஸ்ட் ஸ்லீப்."

எங்கே போவது என்பது நிஜமாகவே பெரிய கேள்வியாக இருந்தது. தெரிந்தவர்கள் வீட்டுக்குப் போனால், "அவர் எப்படி இருக்காரு?" என்று கேட்பார்கள். அதற்கு ஏற்ற மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளவே தெம்பு வேண்டும். போன வருடம் ஒருமுறை ஹோட்டலில் ரூம் போட்டுப் பார்த்தாள். வீட்டில் ஹாமிதுக்குத் துணையாக இருந்த உறவுக்காரரிடமிருந்து பதினோரு தடவை போன் வந்தது. வராத நேரத்தில் அடுத்தது வந்துவிடுமோ என்று விழித்திருந்தாள்.

கூட வேலை பார்க்கும் வெண்பாதான் வழி சொன்னாள். அவளுக்கு மலை ஏறுவதில் பித்து.

"அக்கா, டாலி சாட்ஸ் போங்க. வெஸ்ட் வர்ஜீனியா. அஞ்சரை மணி நேரம் டிரைவ். மேல மரமே அவ்வளவா கிடையாது, புல்லும் புதரும்தான், காத்து பிச்சுக்கிட்டு அடிக்கும். எங்க வேணா டென்ட் போடலாம். முக்கியமா, போன் சிக்னல் சுத்தமா கிடையாது."

"சிக்னல் கிடையாதா?"

"ஒரு கோடு கூட வராது."

"தனியா போகலாமா?"

"நான் போறேனே. டென்ட், பேக் எல்லாம் என்கிட்ட இருக்கு, எடுத்துக்கோங்க. வழி தப்பிடுச்சுன்னா கிழக்கால நடங்க. ரோடு அந்த ஓரமாத்தான் போகுது. எப்படியும் வந்து சேரும்."

சனிக்கிழமை விடியற்காலை ஃபஜ்ர் தொழுதுவிட்டுக் கிளம்பினாள். மாத்திரைகளை வேளைவாரியாகப் பெட்டியில் போட்டு, முந்தின நாளே வந்துவிட்ட ரிதாவுக்காக இரண்டு பக்கத்துக்கு எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் பன்னிரண்டுக்குள் தன் போன் வரவில்லையென்றால் வன அலுவலகத்தைக் கூப்பிட வேண்டும் என்று நம்பரையும் எழுதி வைத்தாள். ஹாமித் சக்கர நாற்காலியில் இருந்தபடி அவள் பையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

மலைமேல் காரை நிறுத்தியபோது மதியம் ஒன்று. பாதை தொடங்கும் இடத்தில் ஒரு பலகை. உலகப் போர்க் காலத்தில் பீரங்கிப் பயிற்சி நடந்த நிலம் இது, வெடிக்காத குண்டுகள் இன்னும் கிடக்கலாம், பாதையை விட்டு விலகாதீர்கள் என்று எழுதியிருந்தது. ஷம்சாத் அதை இரண்டு முறை படித்துவிட்டுப் பையைத் தூக்கினாள். முப்பது பவுண்டு. வீட்டில் தினமும் அதைவிடக் கனமாகத் தூக்குகிறவள்தான். ஆனாலும் முதல் அரை மைலிலேயே மூச்சு இரைத்தது.

செப்டம்பர் கடைசி. ப்ளூபெர்ரிப் புதர்களெல்லாம் சிவந்து, கண்ணுக்கு எட்டிய தூரம் மட்டும் மேடும் பள்ளமுமாகக் கிடந்தன. அங்கங்கே நிற்கும் ஊசியிலை மரங்களுக்கு ஒரு பக்கம்தான் கிளை, மறு பக்கத்தைக் காற்று வளரவே விடவில்லை. அழகு என்று அவளுக்குப் புரிந்தது. ஆனால் ரசிப்பதற்கும் கொஞ்சம் தெம்பு மிச்சம் இருக்க வேண்டியிருந்தது. அவள் கீழே பார்த்தே நடந்தாள். பாதை பாதிக்குக் கல், பாதிக்குச் சேறு. ஓரிடத்தில் வலது கால் முழங்கால் வரை புதைந்தது. இழுத்ததும் கால் மட்டும் வந்தது, ஷூ உள்ளேயே நின்றுவிட்டது. குப்புறப் படுத்து, தோள் வரை கையை விட்டுத் துழாவித்தான் அதை எடுக்க முடிந்தது. எடுத்த பிறகு அப்படியே அந்தச் சேற்றோரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. எதற்கும் அவசரப்பட வேண்டியதில்லை என்பது மட்டும் மெல்ல உறைத்தது.

நாலு மரங்கள் கூட்டமாக நின்ற மறைவில், நாலு மணிவாக்கில் கூடாரத்தை ஒருவழியாக நிறுத்தினாள். ஒரு பக்கம் தொங்கியது. தொங்கட்டும் என்று விட்டுவிட்டாள். டப்பாவில் கொண்டுவந்த எலுமிச்சை சாதத்தை ஆறிப்போனபடியே சாப்பிட்டு, மிச்சத்தைக் கரடிக்கு எட்டாதபடி தூரத்து மரத்தில் கயிறு போட்டுத் தொங்கவிட்டாள். ஓடைத் தண்ணீரில் கை, முகம், கால் கழுவி ஒளு செய்தாள். பயணத்துக்கென்று வைத்திருக்கும் சின்னத் தொழுகை விரிப்பில், மூலையில் ஒரு திசைகாட்டி தைத்திருக்கும். அதை வைத்து, தொழ வேண்டிய திசையான கிப்லாவைப் பார்த்து, சாயங்கால அஸர் தொழுதாள். சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துவிட்டு மணி பார்த்தாள். ஐந்து இருபது. அந்தித் தொழுகை மஃரிபுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, பத்து நிமிடம் முதுகை நீட்டலாம் என்று உள்ளே போய்ப் படுத்தாள்.

கண் விழித்தபோது கூடாரத்துத் துணியில் சாம்பல் நிற வெளிச்சம். இருட்டப்போகிறது, தொழுதுவிட வேண்டும் என்று எழுந்தாள். இடுப்பும் தோளும் கல்லாகப் பிடித்திருந்தன. வாய் உலர்ந்திருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து இருபது. புரியவில்லை. வெளியே தலையை நீட்டினாள். எங்கும் வெள்ளையாக மூடுபனி. பத்தடி தள்ளியிருந்த மரம் தெரியவில்லை. காற்றும் நின்றிருந்தது. சாயங்காலம் பத்து மணி கிடையாது என்பதை மெதுவாகத்தான் மனம் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை. காலை.

பதினேழு மணி நேரம். மஃரிப், இஷா, ஃபஜ்ர் மூன்று தொழுகைகளும் போயிருந்தன. முதலில் அதற்காகப் பதறினாள். பிறகு ராத்திரி ஒன்பது மணி மாத்திரைக்காக, ஆறு மணி மாத்திரைக்காக, இரண்டு மணிக்குத் தட்டியிருக்கக்கூடிய கட்டிலுக்காக. அதெல்லாம் அவளில்லாமலே நடந்து முடிந்திருக்கும், அல்லது நடக்காமல் போயிருக்கும். எதுவாக இருந்தாலும் அவள் தூங்கினாள். அந்த நினைப்பில் நிம்மதி எவ்வளவு, வலி எவ்வளவு என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

தவறிய தொழுகைகளை நிறைவேற்றிவிட்டு, ஈரக் கூடாரத்தைச் சுருட்டிப் பையில் திணித்துக்கொண்டு நடந்தாள். பன்னிரண்டுக்குள் போன் செய்தாக வேண்டும். குளிரில் போனும் செத்துப்போயிருந்தது. வழிக்கு அடையாளமாக அடுக்கி வைத்த கற்குவியல்கள் பனியில் தெரியவில்லை. அரை மணி நேரத்தில் பாதை காலடியிலிருந்து நழுவிவிட்டது. திரும்பிப் பார்த்தாள். வந்த வழியும் இல்லை.

"யா அல்லாஹ்" என்று வாய்விட்டுச் சொன்னாள். குரல் பஞ்சில் மோதியது மாதிரி நின்றது.

வெண்பா சொன்ன கிழக்கு ஞாபகம் வந்தது. பலகை சொன்ன குண்டுகளும் ஞாபகம் வந்தன. நின்றால் பன்னிரண்டுக்கு ரிதா அலுவலகத்தைக் கூப்பிடுவாள், தேடி ஆட்கள் வருவார்கள், ஹாமிதின் காதுக்கும் விஷயம் போகும். ஷம்சாத் விரிப்பை எடுத்து, திசைகாட்டி மூலை மேலே தெரியும்படி மடித்துக் கையில் பிடித்துக்கொண்டாள். தொடையளவு புதர்களை விலக்கி, மான்கள் போன தடம் கிடைத்த இடத்தில் அதைப் பிடித்து, ஒவ்வொரு அடிக்கும் முன்னால் தரையைப் பார்த்து, கிழக்கே நடந்தாள். பழுப்பேறிய இரும்பு மாதிரி ஏதோ தெரிந்தபோது மூச்சை அடக்கி நின்றாள். வெறும் வேர். இரண்டு முறை இடுப்பளவு பள்ளத்தில் சரிந்தாள். களைப்பில் பயம்கூட மழுங்கிப்போனது. ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து, திடீரென்று காலுக்கடியில் சரளைக் கல் நொறுங்கியது. ரோடு.

கார் அங்கிருந்து இரண்டு மைல் தள்ளி நின்றது. அதையும் நடந்தாள். மலையிறங்கி, சார்ஜ் ஏறி, போனில் முதல் கோடு விழுந்தபோது மணி இரண்டு நாற்பது. ஒரு மெசேஜ்கூட இல்லை. வன அலுவலகமும் கூப்பிடவில்லை. நம்பரைத் தட்டினாள். ஆறாவது ரிங்குக்குத்தான் எடுத்தாள் ரிதா.

"ஹலோ..." தூக்கக் குரல்.

"ரிதா! அத்தா எப்படி இருக்காரு? பன்னண்டு மணிக்கு கூப்பிடச் சொன்னேனே!"

"ஓ மை காட். வாட் டைம் இஸ் இட்? அம்மா, ஐ ஃபெல் அஸ்லீப். ஐ ஆம் ஸோ ஸாரி. ஆர் யூ ஓகே?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. அத்தா?"

"ஹி இஸ் ஃபைன். ஹி இஸ் ரைட் ஹியர்." பிறகு அவள் குரல் உடைந்தது. "ஹி வோக் மீ அப் ஃபோர் டைம்ஸ், அம்மா. ஐ டிட் ஒன் நைட். ஒன். நீ எப்படிம்மா..." ஆங்கிலத்திலேயே பேசும் பெண்ணுக்கு அந்த இரண்டு சொற்கள் தமிழில் வந்தன.

ஷம்சாத் பெட்ரோல் பங்க் ஓரமாகக் காரை நிறுத்தியிருந்தாள். ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். அவளுக்கு அழுகை வந்தது அப்போதுதான்.

வீடு சேர எட்டு தாண்டிவிட்டது. ரிதா நடந்ததைச் சொன்னாள். காலையில் அத்தாவுக்குக் காப்பி கொடுத்துவிட்டு சோபாவில் உட்கார்ந்தவள்தான், சாய்ந்துவிட்டாள். போன் அடித்து எழுந்தபோது தன் மேல் அவருடைய சால்வை கிடந்தது. ஒற்றைக் கையால் நாற்காலியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து, போர்த்திவிட்டு, அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். மதியச் சாப்பாடும் இல்லை, மாத்திரையும் இல்லை. அவளை எழுப்பவில்லை.

ஷம்சாத் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். முழங்கையிலிருந்து விரல்நுனி வரை முள் கீறியிருந்த அவள் கையை ஹாமித் இடது கையால் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ரிதா இருந்த பக்கம் பார்த்தார். வாய் கோணி, சொல்லைத் தேடியது. ஷம்சாத் காத்திருந்தாள்.

"ஆள்," என்றார். இன்னும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டு, "வரட்டும்."

"குளிப்பாட்டுறதுக்குமா?"

அவர் கண்களை மூடிக்கொண்டார். தலை அசைந்தது.

பதினைந்து நாளில் ஆள் வந்தார். கானா நாட்டுக்காரர், சாமுவேல் என்று பெயர், மெதுவாகப் பேசுகிறவர். செவ்வாயும் வியாழனும் ராத்திரி அவர் பொறுப்பு. முதல் செவ்வாய் ஹாமித் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஷம்சாத் மாடி அறையில் படுத்து, கீழே நடப்பதைக் காது கொடுத்துக் கேட்டபடி விடியும் வரை விழித்திருந்தாள். வியாழக்கிழமை மூன்று மணி நேரம் தூங்கினாள். அடுத்த செவ்வாய் ஐந்து.