வேண்டாம் என்று சொல்ல வேண்டியவன்

விளாங்குடியில் ஒரு மாடியறையில், மாலை நேரத்தில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். என் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என்னைவிட மூத்த ஆண்கள் எழுந்து நின்று எனக்கு வணக்கம் சொன்னார்கள். அவர்களில் ஒருவன் என் தாய்மாமன் மகன். கப்பலூரில் லேத் பட்டறை வேலை. படித்த பெண்ணைக் கட்டப்போகிறவன் நாலு வார்த்தை இங்கிலீஷ் பேச வேண்டாமா என்று மாமாதான் சேர்த்துவிட்டார். தை மாதம் எனக்குப் பரிசம் போடுவதாகவும் சொல்லியிருந்தார்.

எனக்கோ நாகமலை புதுக்கோட்டையில் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. முறைப்பையனைப் பெண் மறுத்தால் அம்மாவுக்குப் பிறந்த வீட்டு வாசல் அடைபடும். அவனே வேண்டாமென்றால் பெண்மேல் பழியில்லை.

அன்றைக்கு 'வான்ட்' பாடம். தமிழில் 'எனக்கு வேணும்' என்கிறோம். ஆசை எங்கிருந்தோ வந்து நம்மேல் உட்கார்ந்ததுபோல. ஆங்கிலத்தில் 'நான்' முன்னால் வந்து நிற்க வேண்டும். மேலாளரிடம் 'ஐ வான்ட் லீவ்' என்றால் முரட்டுத்தனம். அங்கே 'வுட் லைக்' போட வேண்டும். இதையெல்லாம் சொல்லிவிட்டு ஆளுக்கொரு வாக்கியம் கேட்டேன். ஒருவனுக்குத் துபாய் வேலை, இன்னொருவனுக்கு புல்லட். பிறகு அவன் எழுந்தான்.

"ஐ வான்ட் டு மேரி..."

"யாரை மாப்ள? வெக்கப்படாமச் சொல்லு!" என்று பின் பெஞ்சு கத்தியது.

"முழுசாச் சொல்லுங்க," என்றேன்.

"ஐ வான்ட் டு மேரி யூ, மேடம்."

வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான்.

"வாக்கியத்துல தப்பில்ல. இதையே டோன்ட் போட்டுச் சொல்லுங்க."

அவன் சிரிப்பு நின்றது. என்னையே பார்த்தான். பிறகு அதையும் மெதுவாகச் சொன்னான்.

"பின்னாடி இருக்கவங்களுக்குக் கேக்கல," என்றேன்.

சத்தமாகச் சொன்னான்.

"குட். வீட்ல அப்பாகிட்ட தமிழ்லயும் சொல்லிப் பழகுங்க. உக்காருங்க."

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். உட்காரக்கூட இல்லை.

"பய வேண்டாம்ங்கிறான் தாயி. எம்புட்டோ கேட்டுப் பாத்துட்டேன், காரணமும் சொல்ல மாட்டேங்கிறான்."

அம்மா கொதித்துவிட்டாள். "இரும்பச் சீவுற பயலுக்கு வந்த எடுப்பப் பாரேன்! எம் மகளுக்கு என்ன கொறை? அண்ணே, நீ எப்பவும்போல வா, போ. அவன் மட்டும் இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். நான் காப்பியை ஆற்றி அவர் கையில் கொடுத்தேன்.

"சீனி போதுமா மாமா?"