சிவப்புத் தரையில் ஒற்றைக் கோடு

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் நளினியின் வீட்டுக்கு வழி கேட்டால் யாரும் லைன் வீட்டு நம்பரைச் சொல்ல மாட்டார்கள். "சக்கர நளினியா? காலங்காத்தால பழைய கிளப் ஆலாண்ட போய்ப் பாருங்க, சுத்திக்கினு இருக்கும்" என்பார்கள். அவளுக்கு ஐம்பத்து நாலு வயது. மகள் ராதிகாவைக் கட்டிக்கொடுத்தாயிற்று. நளினிக்குப் பெங்களூரில் ஒரு துணிக் கம்பெனியில், தைத்து வரும் சட்டைகளில் தேறியதையும் தேறாததையும் பிரிக்கிற வேலை. ரயிலுக்கு ஓடுவதற்கு முன், நாலு சக்கர ஸ்கேட்டைக் காலில் மாட்டி அந்தக் கிளப் ஹால் தரையில் சில எட்டுகள் போட்டுவிட வேண்டும். போடாத நாளில் சாம்பாரில் உப்பு மறந்துபோகும், புருஷன் ரவிகுமாரிடம் காரணமில்லாமல் எரிந்து விழுவாள். அதனால் அவள் சுற்றுவதில் அவனுக்கும் அக்கறை இருந்தது.

இந்தப் பைத்தியம் பிடித்தது பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது. கிளப்பில் அப்போது ஒரு கறுப்பு வெள்ளை டிவி இருந்தது. ஒருநாள் அதில் பனிக்கட்டித் தரையில் ஒருத்தி ஒற்றைக் காலில் பின்பக்கமாக வழுக்கிக்கொண்டே போனாள். இசை ஓடியது, ஆனால் அவள் காலடியில் சத்தமே இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்த பிள்ளைகளில் மற்றவர்கள் சினிமா போடவில்லையே என்று கலைந்துபோனார்கள். நளினியும், மூன்றாவது லைனில் இருந்த கிளமெண்டும் மட்டும் நின்றார்கள். வெள்ளைக்காரர்கள் காலத்து இரும்பு ஸ்கேட் இரண்டு ஜோடியைக் கிளப் சாமான் அறையில் கிளமெண்ட் தேடிப் பிடித்தான். அவனுக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. இரண்டு பேருமே தாங்களாக விழுந்து, தாங்களாக எழுந்து கற்றுக்கொண்டதுதான்.

கிளமெண்ட் அடிக்கடி ஒன்று சொல்வான். "நம்முது இன்னா சுத்துனாலும் ரெட்டைக் கோடுதான் விழும், நளினி. ஐஸுல பாரு, பிளேடு ஒத்தக் கோடு போடும். அத ஒருநாள் போட்டுப் பாத்துடணும்."

அவன் பார்க்கவில்லை. சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், அடி லெவலில் பர்ஸ்ட் ஆகிப் பாறை வெடித்து இறங்கியபோது அவன் உள்ளே இருந்தான். அந்த இடத்தைத் தோண்டிப் போக முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சர்ச்சில் பெட்டி இல்லாமலே பூசை வைத்தார்கள். நளினி பத்து நாள் ஹால் பக்கம் போகவில்லை. பதினோராம் நாள் போனாள். அழுதுகொண்டு சுற்றினால் சாய்வு தவறுகிறது என்று தெரிந்ததும் அழுகையை நிறுத்திவிட்டாள்.

ரவிகுமார் அதே சுரங்கத்தில் மரம் முட்டுக் கொடுக்கிற டிம்பர்மேன். கல்யாணமான புதிதில் அம்மா வீட்டிலிருந்து வந்த பெட்டியில் ஸ்கேட்டைப் பார்த்துவிட்டு, "இது இன்னாமே, சீர்வரிசையா?" என்று கேட்டான். கிளமெண்டைப் பற்றி அவனுக்குத் தெரியும். சுரங்கத்துக்குள் ஆளை இறக்கும் கூண்டில், ஒரே கேஜில் இறங்கியவர்கள். அதற்கு மேல் அவன் எதுவும் கேட்டதில்லை. சக்கரத்துக்கு எண்ணெய் போடுவது இன்றுவரை அவன்தான்.

மகள் பிறந்தாள், சுரங்கம் மூடினார்கள், ரவிகுமார் பெங்களூரில் செக்யூரிட்டி வேலை பார்த்து, முதுகு போய், வீட்டோடு உட்கார்ந்தான். நளினி ஒரு தடவை மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். முட்டி தேய்ந்தபின் குதிப்பதை விட்டாள். எட்டுப் போடுவது மட்டும் மிஞ்சியது. ஒரு வட்டம் வலது காலில், ஒரு வட்டம் இடது காலில், நடுவில் ஒரே புள்ளியில் வந்து சேர வேண்டும். பார்க்கிறவர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. போடுகிறவளுக்கு நாற்பது வருஷமாகியும் சரியாக வரவில்லை. பெங்களூரில் ஒரு மாலில் ஐஸ் ரிங்க் திறந்தபோது லீவு போட்டுவிட்டுப் போனாள். "ஆன்ட்டி, மெல்ல, பித்தோகத்தீரா!" என்று, விழுந்துவிடப் போகிறாளே என்று கன்னடப் பிள்ளைகள் பயந்தன. முட்டிக்குள் குளிர் ஏறியது. ஆனால் குனிந்து பார்த்தபோது அவள் பின்னால் மெல்லிசாக ஒற்றைக் கோடு விழுந்திருந்தது. பிறகு அந்த ரிங்கையும் மூடிவிட்டார்கள்.

ஆக, பூமியில் அவளுக்கென்று இருந்தது இந்த ஹால் தரை ஒன்றுதான். சிவப்பு சிமெண்டுத் தரை, கண்ணாடி மாதிரி வழவழப்பு. ரோட்டில் சுற்ற முடியாது, வாசலில் முடியாது. ஹால் கமிட்டி செக்ரெட்டரி இன்பராஜ், சுரங்கத்தில் கேஜ் ஓட்டிய பழைய ஆள், பெருக்கித் துடைத்து வைக்கிறாள் என்பதற்காகச் சாவியை அவளிடமே விட்டிருந்தார்.

வைகாசிக் காற்றில், தங்கம் பிரித்துவிட்டுக் கொட்டிய சயனைடு மேட்டின் வெள்ளைப் புழுதி ஊர் முழுக்கப் பறக்கும். மூடிய ஜன்னலுக்குள்ளும் நுழைந்து, விடிவதற்குள் ஹால் தரையில் மாவு சலித்தது போலப் படிந்திருக்கும். நளினி அதைப் பெருக்குவதற்கு முன்பே சுற்றுவாள். சிவப்பின் மேல் வெள்ளை, வெள்ளையில் அவள் சக்கரத்தின் இரட்டைக் கோடு. வட்டம் எங்கே கோணியது என்று தரையே சொல்லிவிடும்.

அந்த வருஷம் ஈஸ்டர் முடிந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. முந்தின நாள் சாயங்காலம் சின்னதாக ஒரு பர்ஸ்ட். அலமாரியில் பாத்திரங்கள் கிணுகிணுத்தன. சுரங்கம் மூடி இத்தனை வருஷம் ஆகியும் உள்ளே தண்ணீர் ஏறி எங்காவது பாறை நகர்ந்துகொண்டேதான் இருக்கிறது. ரவிகுமார் டீ டம்ளரைக் கையால் பிடித்துக்கொண்டு பேப்பரைத் தொடர்ந்து படித்தான். காலையில் நளினி ஹால் கதவைத் திறந்தாள்.

தரையில் ஏற்கெனவே ஒரு வட்டம் இருந்தது.

ஹாலின் நடுவில், அவள் போடுவதைவிடப் பெரிதாக, எங்கும் கோணாமல். காலடித் தடம் இல்லை. ஜன்னல்கள் உள்ளே கொக்கி போட்டபடி இருந்தன. அவள் பக்கத்தில் போய்க் குனிந்தாள். இரட்டைக் கோடு இல்லை. ஒற்றைக் கோடு. வெள்ளைப் புழுதியைக் கத்தியால் கீறியது போல, ஒரே ஒரு மெல்லிய சிவப்புக் கோடு.

வேறு யாராக இருந்தாலும் தரையைத்தான் பார்த்திருப்பார்கள். அவள் பார்த்தது பிளேடின் தடத்தை. ஐஸில் விழுந்த கோட்டைக் கண்ணால் கண்ட ஆள் இந்த ஊரில் அவள் ஒருத்திதான். அதைப் போட ஆசைப்பட்டவன் தரைக்கு அடியில் எங்கோ இருக்கிறான்.

"கிளமெண்ட்?" என்றாள். சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது. ஹால் கேட்டுக்கொண்டிருந்தது போல இருந்தது.

மறுநாள் அந்தக் கோட்டின் மேலேயே காலை வைத்தாள். வெளிப்பக்கச் சாய்வில் வலது காலை விட்டதும், தள்ளாமலேயே சக்கரம் ஓடியது. இடுப்பைப் பிடித்து யாரோ மெதுவாக உள்ளே இழுப்பது போல. நாற்பது வருஷத்தில் வராத வட்டம், ஒரே மூச்சில், தொடங்கிய இடத்தில் வந்து முடிந்தது. உடம்பு முழுக்க மயிர்க்கூச்செடுத்தது. அது பயத்தினால் மட்டும் இல்லை.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். பேய் என்றால் பூட்டுவார்கள், விரிசல் என்றாலும் பூட்டுவார்கள். விரிசல் என்ற வார்த்தை மனதில் வந்ததும் அதைத் தள்ளிவிட்டாள். தினமும் சுற்றி முடித்ததும் புழுதியைச் சுத்தமாகத் துடைத்து, கோடு யார் கண்ணிலும் படாமல் பார்த்துக்கொண்டாள். மறுநாள் அது திரும்ப வந்திருக்கும்.

புதன்கிழமை இன்பராஜ் வாசலில் வந்து நின்றார். "நளினி, ஞாயித்துக்கெழமை எம் பொண்ணு ரோஜா ரிசப்ஷன் ஆல்லதான். பெங்களூர்லேர்ந்து மாப்பிள்ள வூட்டார் ரெண்டு பஸ்ஸு வராங்க. டான்ஸு, பாட்டெல்லாம் கீது. தரைய கண்ணாடி மாரி வெச்சுடும்மே."

"சரிண்ணா" என்றாள். இருநூறு பேர் அந்த வட்டத்துக்குள் நின்று குதிப்பார்கள் என்று ஒரு பக்கம் தோன்றியது. கோடு அழிந்துவிடுமே என்று இன்னொரு பக்கம். இரண்டில் எது முதலில் தோன்றியது என்பதை அவள் யோசிக்க விரும்பவில்லை.

வியாழக்கிழமை ஓடும்போது, வட்டத்துக்கு நடுவில் கணுக்காலில் வெதுவெதுப்பாகக் காற்றுப் பட்டது. கீழேயிருந்து மேலே. காலையில் ஹாலில் அப்படிக் காற்று வர வழியில்லை. வேர்வை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, ஸ்கேட்டைக் கழற்றி ரவிகுமார் பக்கத்தில் வைத்தாள். அவன் எண்ணெய் டப்பாவைத் திறந்தவன் அப்படியே நின்றான். ஸ்கேட்டை மூக்கருகில் கொண்டுபோனான். பிறகு அவள் புடவைத் தலைப்பை இழுத்து மோந்தான்.

"எங்கமே போயிட்டு வந்த?"

"ஆலுக்குத்தான். வேற எங்க?"

"ஆலுக்குப் போனா இந்த வாசன வராது." அவன் முகம் வெளுத்திருந்தது. "இது கீழத்த வாசன. ஊறிப்போன மரம், வெடிப் பொக. இருவத்திமூணு வருசமாச்சு, நான் இத மோந்து. எங்க எறங்குன, நளினி?"

அந்த வாசனை அவளுக்கும் தெரியும். அவன் சட்டையைத் துவைத்துத் துவைத்துப் போகாத வாசனை. இந்த ஒரு வாரமாக ஹாலில் கிளமெண்டை நினைத்துக்கொண்டே அதை மோந்திருக்கிறாள். பொய் சொல்ல வாயைத் திறந்தாள். ரோஜா சின்னப் பிள்ளையாக இதே வாசலில் ஐஸ் விற்கிறவனைக் கூப்பிட்டது ஞாபகம் வந்தது.

"தரையில ஒரு கோடு கீதுங்க" என்றாள். "ஒரு வாரமா தொடச்சு மறைச்சுக்கினு இருக்கேன்."

அவன் திட்டவில்லை. கடப்பாரையை எடுத்துக்கொண்டு நடந்தான். சுரங்கத்தில் கூரைப் பாறையை நம்பலாமா என்று தெரிய, இரும்பால் தட்டிச் சத்தம் கேட்பார்கள். கெட்டிப் பாறை மணிபோலச் சொல்லும், விட்டுப்போனது பறைபோலச் சொல்லும். கோட்டுக்கு வெளியே தட்டினான். கணீர் என்றது. வட்டத்துக்குள் கையை மட்டும் நீட்டித் தட்டினான். பானையைத் தட்டியது போல ஆழமாக ஒரு சத்தம் வந்து, நெடுநேரம் கழித்துத்தான் அடங்கியது.

"பழைய ஷாஃப்டு வாய்" என்றான் குசுகுசுவென்று. "சொரங்கத்துக்கு எறங்கற குழிய மண்ணக் கொட்டி மூடி மேல கட்டியிருக்கானுங்க. மண்ணு எறங்கிடுச்சு. நீ வெறும் சிமெண்டு மேல சுத்திக்கினு இருந்த. கீழ கெட்டித் தரைன்னு நெனச்சுக்கினு."

இன்பராஜ் வந்தார், கேட்டார், கொதித்தார். "இன்னாமே, பொண்ணு கலியாணத்துல மண்ணப் போடறியா? ஆல கொடுத்தா ஒன் சக்கரத்துக்கு எடம் போவுதுன்னு புருசனும் பொண்டாட்டியும் கத கட்டறீங்களா?"

நளினிக்குச் சிரிப்பு வந்தது. அழுகையாகக்கூட இருக்கலாம். "எடம் போவுதுதான் அண்ணா. இனிமே எனக்கும் இல்ல."

ரவிகுமார் கடப்பாரையை நீட்டினான். "நீயே தட்டிப் பாரு, இன்பராஜு. ஒனக்குத் தெரியாத சத்தமா?"

இன்பராஜ் ஒரே ஒரு தட்டுத் தட்டினார். கடப்பாரையைக் குழந்தையைப் படுக்க வைப்பது போலக் கீழே வைத்துவிட்டு, சுவரைப் பிடித்தபடி ஒதுங்கி ஒதுங்கி வெளியே போனார். கதவைப் பூட்டினார்கள். மேலதிகாரிகளுக்கு எழுதிப் போட்டார்கள். யாராவது வந்து பார்க்கும்வரை சாவி நளினியிடமே இருக்கட்டும் என்றார் இன்பராஜ். அவருக்கு அதைக் கையில் வைத்திருக்கப் பயம்.

ரிசப்ஷன் ராபர்ட்சன்பேட்டையில் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு மண்டபத்துக்கு மாறியது. இடம் போதாமல் நெருக்கியடித்துக்கொண்டு பிரியாணி சாப்பிட்டார்கள். பாதிப் பந்தியில் பர்ஸ்ட் ஆனது. டம்ளர் தண்ணீர் ததும்பியது. மாப்பிள்ளை வீட்டார் எழுந்து வாசலுக்கு ஓடினார்கள். ஊர்க்காரர்கள் இலையைக் கையால் பிடித்துக்கொண்டு, "உக்காருங்க, ஒண்ணும் இல்ல, கத்திரிக்கா வெக்கட்டுமா?" என்றார்கள். நளினி மட்டும் கையைக் கழுவினாள். ரவிகுமாரும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்தான். ஆட்டோ பிடித்துப் பழைய கிளப்புக்கு வந்தார்கள்.

ஹால் வெயிலில் எப்போதும் போல நின்றது. ஓடுகூட நகரவில்லை. நளினி சாவியைப் பூட்டில் நுழைத்தாள்.

"தெறக்காத" என்றான் ரவிகுமார்.

திறந்திருப்பாள். உள்ளே ஒரு சத்தம் கேட்டதால் அவள் கை நின்றது. கதவில் காதை வைத்தாள். தரையில் எதுவோ உருண்டு வட்டமடித்துக்கொண்டிருந்தது. அவசரமில்லாமல், ஒரே சீராக, கிட்டே வந்து, எதிர்ச் சுவர்ப் பக்கம் விலகி, திரும்பவும் வந்தது. சுற்று ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சிறிதாயிற்று. கல்லாக இருக்கலாம், மண் சரிகிறதாக இருக்கலாம். சாய்வு தவறாமல் போகிற ஒரு காலாகத்தான் அவளுக்குக் கேட்டது. அது நடுவுக்கு வந்தது. நின்றது. அதன் பிறகு, வெகு கீழே, தண்ணீரில் விழுகிற சத்தம்.

"உள்ள யாராச்சும் கீறாங்களா?" என்றான் ரவிகுமார். அவன் விளையாட்டாகக் கேட்கவில்லை.

"இருந்தா இப்ப எறங்கியிருப்பாங்க."

அவள் சாவியை உருவி அவன் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள். ரோட்டைப் பார்த்து நடக்கும்போது அவன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, கால் வைக்கும் தரையை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தான்.