அம்மா உள்ளே வரட்டும்

என் அக்காவைப் பற்றிப் பேச வருகிறவர்கள் எல்லோரும் எடுத்த எடுப்பில் சொல்வது, "டாக்டரம்மாவுக்கு என்ன கைராசி!" என்பதுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ராசியாவது மண்ணாவது. காலையில் கதவைத் திறந்தால் கடைசிக் குழந்தை போகும்வரை நின்ற கால் நின்றபடியே இருப்பாள். நான் மேலேயிருந்து கொண்டுவந்து வைத்த சாப்பாடு ஆறி அவலாய்ப் போயிருக்கும். அதற்குப் பெயர் ராசி என்று சொல்லிவிட்டுப் போவது எல்லோருக்கும் சுலபமாக இருக்கிறது.

மாடியில் வீடு, கீழே அக்காவின் குழந்தைகள் கிளினிக். அக்காவின் கணவர் மாரடைப்பில் போனபோது பெரியவனுக்கு ஆறு வயது, சின்னவள் கைக்குழந்தை. கல்யாணமே வேண்டாமென்று ஒற்றைக்காலில் நின்ற நான், துணைக்கு இருக்கலாம் என்று பெட்டியோடு வந்தேன். வந்தவளை அக்கா கீழே கதவருகில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டாள். அடுத்து யார் உள்ளே போகலாம் என்று சொல்வது என் வேலை. என் வாய் எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்கள் வரிசையைத் தாண்டிப் போக மாட்டார்கள்.

உள்ளே ஒரு மேஜை, இரண்டு ஸ்டூல், ரெக்ஸின் கிழிந்த கட்டில், கைக்குழந்தைகளை எடை போடத் தொட்டி வைத்த தராசு. ஜன்னல் மேடையில் காது கடிபட்ட ரப்பர் பொம்மைகள். அக்கா ஸ்டெதாஸ்கோப்பை எடுத்ததும் குழந்தை மேல் வைத்துவிட மாட்டாள். அந்த வட்டத் தகட்டை உள்ளங்கையில் பொத்தி, கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசிச் சூடேற்றுவாள். அப்புறம்தான் நெஞ்சில் வைப்பாள். அழுதுகொண்டு வந்த குழந்தைகள் அந்தப் பேச்சிலேயே அழ மறந்துவிடும்.

அவளுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. அம்மா பக்கத்தில் இல்லாமல் எந்தக் குழந்தையையும் தொட மாட்டாள். அப்பா தூக்கிக்கொண்டு வந்தாலும், மாமா வந்தாலும், பக்கத்து வீட்டுக்காரர் வந்தாலும் ஒரே கேள்விதான். "குழந்தையோட அம்மா எங்க? அம்மா உள்ள வரட்டும்." ஒருமுறை பெரிய அதிகாரி ஒருவர், "நான்தாங்க அப்பா, எல்லாம் எனக்குத் தெரியும்" என்று மார்தட்டினார். "அப்படியா, நேத்து ராத்திரி எத்தனை தடவை முழிச்சுச்சு?" என்று கேட்டாள். அவர் மனைவி வேலையிலிருந்து ஓடிவரும்வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், பாவம்.

"நோய் பாதி குழந்தை உடம்புல இருக்கு, பாதி அம்மா வாயில இருக்கு. டாக்டர் டாக்டர் வேலையப் பார்க்கணும், அம்மா அம்மா வேலையப் பார்க்கணும். ரெண்டும் ஒரே ஆளா இருந்தா ரெண்டும் கெட்டுச்சு," என்பாள். அதனால் தன் பிள்ளைகள் இரண்டு பேரையும் அவள் ஒருநாளும் பரிசோதித்ததில்லை. சளி, காய்ச்சல் எது வந்தாலும் தன்னோடு படித்த ஒரு டாக்டரிடம் அழைத்துப்போவாள். அவரும் பெயர் பெற்றவர். பெரியவன் சின்ன வயதில் கேட்பான், "அம்மா, எனக்கும் அந்தக் குழாயை வச்சுப் பாரேன்." "போடா, நீ என்ன என் பேஷண்டா?" என்று தலையைக் கலைத்துவிட்டுக் கீழே இறங்கிவிடுவாள்.

சின்னவளைப் பற்றி எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதித்தான் ஆகவேண்டும். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பெண். விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டு வந்தாலும் "ஒண்ணுமில்ல சித்தி" என்பாள். இரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் காலையில் வயிறு வலிக்கிறது என்று படுத்துவிட்டாள். அவளாக வாய் திறந்து வலி என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அக்கா கிளினிக்கை மூடிவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு அந்த டாக்டரிடம் போனாள். பள்ளி விடுமுறையாக இருந்ததால் பெரியவனும் கூடப் போனான். அவனுக்குப் பன்னிரண்டு வயது. அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்திருக்கிறார். வலிக்கிறதா என்றதற்கு அந்தப் பெண் வழக்கம்போல இல்லை என்று தலையாட்டியிருக்கிறது. "சாப்பிட்டது ஒத்துக்கல, வேறொண்ணும் இல்ல. நீங்க என்ன நினைக்கிறீங்க டாக்டர்?" என்று அவரே கேட்டிருக்கிறார்.

"இங்க நான் டாக்டர் இல்ல, அம்மா. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றாளாம் அக்கா.

மறுநாள் மத்தியானம் காய்ச்சல் ஏறியது. வயிறு பலகையாய் விறைத்தது. குடல்வால் வெடித்து உள்ளே சீழ் பரவிவிட்டது என்றார்கள் பெரிய ஆஸ்பத்திரியில். அறுத்துப் பார்த்தார்கள், என்னென்னவோ செய்தார்கள். பிள்ளையைத் துணியில் சுற்றித்தான் கொடுத்தார்கள்.

வந்தவர்கள் எல்லோரும் கலைந்த பிறகு பெரியவன் கூடத்தில் அவள் முன்னால் வந்து நின்றான். அழவில்லை.

"நீ ஏம்மா தொட்டுப் பார்க்கல? எல்லார் வீட்டுப் பிள்ளைங்க வயித்தையும் அமுக்கிப் பார்க்கறியே, அவ வயித்த ஏன் பார்க்கல?"

நான் அவனை அதட்ட எழுந்தேன். ஆனால் நானும் அதையேதான் கேட்க நினைத்திருந்தேன். எழுந்தவள் உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த வாரமே அவள் கிளினிக்கைத் திறந்தாள். கல்மனசுக்காரி என்று பேசிக்கொண்டார்கள். அப்படிப் பேசியவர்களில் பாதிப்பேர் மறுநாளே தங்கள் குழந்தையோடு வரிசையில் நின்றார்கள். நான் அவர்களைக் கடைசியாகத்தான் உள்ளே விட்டேன். உள்ளே அவள் பேச்சில் ஒன்று புதிதாகச் சேர்ந்திருந்தது. "உங்க மனசுக்கு என்ன தோணுது, அதச் சொல்லுங்க. டாக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு மட்டும் சொல்லாதீங்கம்மா," என்று ஒவ்வொரு தாயிடமும் கெஞ்சுவாள். அதனால் எத்தனையோ குழந்தைகள் பிழைத்திருக்கும். இருக்கட்டும். எங்கள் வீட்டில் ஒன்று போனது போனதுதான்.

பெரியவன் அதற்குப்பிறகு அவளிடம் தலைவலி என்றுகூடச் சொன்னதில்லை. காய்ச்சல் வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பான். அவள் கதவுக்கு வெளியே நிற்பாள், தட்டமாட்டாள். படிக்க ஹாஸ்டலுக்குப் போனான். பிறகு லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றில் சேர்ந்து கண்காணாத தூரத்துக்குப் போய்விட்டான். போன் செய்வான், எனக்கு. "அம்மா எப்படி இருக்காங்க சித்தி?" என்று மூன்றாம் மனுஷியை விசாரிப்பது மாதிரி விசாரிப்பான்.

பல வருஷம் கழித்து, பஞ்சை உருட்டி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தபோது அக்கா அதைச் சொன்னாள். நான் கேட்கவே இல்லை.

"அன்னைக்கு அவ வலது கால மடக்கிப் படுத்திருந்தா. வேற வீட்டுக் குழந்தையா இருந்தா வாசல்லயிருந்து பார்த்தே குடல்வால்னு சொல்லியிருப்பேன். தொட்டா தெரிஞ்சிடும்னு பயம்டி எனக்கு. அம்மா வேற, டாக்டர் வேறன்னு பேசினதெல்லாம் அந்த பயத்துக்குப் போட்ட போர்வை. இத நான் அவன்கிட்ட சொல்லணும். போன்ல இல்ல, நேர்ல."

அதே வாரம் நான் அவனுக்குப் போன் போட்டேன். அம்மா உன்கிட்ட ஒன்று சொல்லவேண்டும் என்கிறாள், ஒரு நடை வந்துவிட்டுப் போ என்றேன். "பார்க்கலாம் சித்தி, அடுத்த மாசம்" என்றான். அடுத்த மாதங்கள் வந்துகொண்டே இருந்தன. ஒருமுறை பொறுக்கமாட்டாமல் நானே விஷயத்தைச் சொல்லப்போனேன். "வேணாம் சித்தி. அவங்க வாயால சொல்லட்டும்," என்று நிறுத்திவிட்டான். தாயும் பிள்ளையும் பிடிவாதத்தில் ஒரே அச்சு. நடுவில் நான் கிடந்து அல்லாடினேன்.

அதற்குள் அவளுக்கு மறதி தொடங்கியிருந்தது. முதலில் மருந்துப் பெயர்கள் போயின. ஒருநாள் பார்த்து அனுப்பிய குழந்தையை, கதவுவரை போனதும் திரும்பக் கூப்பிட்டு, புதிதாக வந்ததுபோல மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். அந்தத் தாய் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். அக்காவும் அந்தப் பார்வையைக் கவனித்துவிட்டாள். அன்று மாலையே வெளியே இருந்த பெயர்ப்பலகையை அவளே ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றினாள்.

"அவன சீக்கிரம் வரச்சொல்லுடி. எனக்கு மறந்துபோயிடும்," என்றாள். நானும் சொன்னேன். கத்தினேன், சபித்தேன். கடைசியில் அழுதும் பார்த்துவிட்டேன். அவன் அடுத்த மாதம் என்றான். இன்றுவரை நான் அவனை மன்னிக்கவில்லை. மன்னிப்பதாகவும் இல்லை.

அவள் சொல்ல நினைத்தது என்ன என்பது போனது. பிறகு சொல்ல ஒன்று இருந்தது என்பதும் போனது. அவள் ஞாபகத்திலிருந்து சின்னவள் போனாள், பெரியவன் போனான், ஒருநாள் நானும் போனேன். என்னை "நர்ஸம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தாள். படி ஏற முடியாததால் கட்டிலைக் கீழே, அந்தப் பழைய அறையிலேயே போட்டேன். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் இல்லாவிட்டால் தேடித் தவித்துவிடுவாள். அதனால் அதைக் கழற்றுவதே இல்லை.

அவன் வந்தான். ஒரு மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல். நரைத்த தாடி, தொப்பை, விடாத இருமல். வாசலிலேயே நாலு வாங்கு வாங்கலாம் என்று வாயெடுத்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் வழியை விட்டேன். உள்ளே போனான். உட்கார வேறு இடமில்லாமல் அந்த ஸ்டூலில், குழந்தைகள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"அம்மா."

அவள் அவனை உற்றுப் பார்த்தாள். அவன் இருமினான். அவள் கை தானாகக் கழுத்துக்குப் போனது. தகட்டை உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள்.

"ஸ்கூல்ல என்ன சொல்லிக் குடுத்தாங்க இன்னைக்கு?"

அவன் என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சட்டையத் தூக்குடா கண்ணா."

தூக்கினான். நெஞ்சில் வைத்துக் கேட்டாள், முதுகில் வைத்துக் கேட்டாள். அவசரமே படவில்லை. பிறகு வயிற்றில் கை வைத்தாள். வலப்பக்கம், அடியில், விரல்களைச் சேர்த்து மெதுவாக அமுக்கினாள்.

"இங்க வலிக்குதா?"

"இல்லம்மா."

"டாக்டர்கிட்ட பொய் சொல்லக்கூடாது."

அவன் உதடு கோணியது. "வலிக்குது," என்றான். "ரொம்ப வலிக்குதும்மா."

அவள் முகம் மாறியது. வந்துவிட்டாள், ஞாபகம் வந்துவிட்டது, இதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் கையை எடுத்துக்கொண்டு, அவனைத் தாண்டி என் பக்கம் திரும்பினாள்.

"நர்ஸம்மா, இந்தக் குழந்தையோட அம்மா எங்க? அம்மா உள்ள வரட்டும்."

காலமெல்லாம் செய்த வேலை, கால் தானாகப் போனது. கதவைத் திறந்தேன். காலி பெஞ்ச் கிடந்தது. திரும்பி வந்து, "வெளிய யாருமில்லக்கா," என்றேன்.

"அப்போ நான் தொடமாட்டேன். அம்மா வர்ற வரைக்கும் வெளிய உக்காரச் சொல்லு."

அவன் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டான். எழுந்து வெளியே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தான்.