குழி என்று எழுதிய புட்டி

என் ஆய்வக மேசை ஓரத்தில் ஒரு நீல நிற ஐஸ் பெட்டி இருக்கிறது. கொக்கி உடைந்துவிட்டது, ஒரு பக்கம் கைப்பிடியும் இல்லை. தூக்கிப் போடச் சொல்கிறவர்களிடம் நான் சண்டைக்குப் போவேன். இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தால் சங்கராபுரம் சாலையில் பேருந்து நின்றுபோன ஒரு நாள், அதை மொபெட்டின் முன்னால் வைத்துக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தார் சுகாதார ஆய்வாளர். மறியலில் இருந்தவர்கள், "பொட்டில இன்னா சார், மீனா?" என்று கேட்டார்களாம். "பன்னிப் பீ, மாட்டுச் சாணி, கோழிப் பீங்க. மோந்து பாக்கறீங்களா?" என்றிருக்கிறார். உடனே வழி கிடைத்தது.

கல்வராயன் மலையடிவாரத்து ஊர் ஒன்றில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்த பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. பழி, ஊர் எல்லையில் பன்றி வளர்த்த ஒரு பெண்மேல் விழுந்தது. பன்றிகளோடு அவள் ஊரைவிட்டே போய்விட வேண்டும் என்று பேசி முடித்துவிட்டார்கள். அவளுக்கு அவற்றைத் தவிர வேறு பிழைப்பில்லை. ஆய்வாளர்தான் கெஞ்சி ஒரு வாரம் அவகாசம் வாங்கியிருந்தார். ஒவ்வொரு உயிரின் குடலிலும் வெவ்வேறு பாக்டீரியாக் கூட்டம் குடியிருக்கிறது. தண்ணீரில் இருப்பவற்றின் டி.என்.ஏ.வைப் படித்து, எந்தக் குடலிலிருந்து வந்தவை என்று கணினியில் ஒப்பிட்டுச் சொல்வது என் வேலை. அதற்கு மாதிரிகள் வேண்டும். மனித மாதிரி கேட்டால் யார் கொடுப்பார்கள்? ஊரே வெட்கப்பட்டு ஓடிவிட்டது. அதனால் மூடியைத் திறக்க வசதியாக இருந்த பள்ளிக்கூடக் கழிப்பறைக் குழியிலிருந்து எடுத்து, புட்டியில் "குழி" என்று எழுதிக் கொண்டுவந்திருந்தார்.

கணினி பன்றியைக் காட்டவில்லை. தண்ணீர் அந்தக் குழியோடுதான் பொருந்தியது. மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன்; மூன்று முறையும் அதே விடை. முதலில் குறித்த இடத்தில் பாறை வந்ததால், கிணற்றுப் பக்கம் தள்ளிக் குழி தோண்ட இடம் காட்டியவரே ஆய்வாளர்தான். "தப்பா சொல்லுமா?" என்றார். "சொல்லாது சார்" என்றேன். நான் எழுதிய நிரல்மீது எனக்கு அன்றும் கர்வம்தான், இன்றும் கர்வம்தான். ஆனாலும் அந்த ஒரு நிமிடம், இது தப்பாக இருக்கக் கூடாதா என்று என் மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

மறுநாள் ஊர்க் கூட்டத்துக்கு நானும் போனேன். விடையைச் சொல்வதற்குள்ளேயே ஒரு பெரியவர், "மிஷினு இன்னாத்த கண்டுது? பன்னின்னு எழுதிக்கினு போங்க சார்" என்று தப்பிக்க வழியும் காட்டிவிட்டார். "பன்னி இல்லீங்க. பள்ளிக்கூடத்து கக்கூஸ் குழி. அந்த எடத்தக் காட்னவன் நான்தாங்க" என்றார் ஆய்வாளர். பின்னால் நின்ற அந்தப் பெண், "அப்ப நான் போவ வேணாங்களா சார்?" என்று கேட்டாள். "நீ போவ வேணாம்மா. குழியத்தான் மாத்தணும்."

குழியை மாற்றினார்கள். ஆய்வாளரிடம் விளக்கம் கேட்டுத் துறையிலிருந்து கடிதமும் வந்தது. இப்போதெல்லாம் எனக்கு மாதிரிகள் குளிரூட்டிய வண்டியில், அச்சடித்த எண்ணோடு வருகின்றன. ஐஸ் பெட்டிக்குள் கழுவிய நான்கு காலிப் புட்டிகள் இன்னும் கிடக்கின்றன. மூன்றில் பன்றி, மாடு, கோழி என்று மட்டும் இருக்கிறது. நான்காவதில், "குழி" என்பதற்குக் கீழே, கூட்டத்துக்குப் புறப்படுமுன் அதே பேனாவால் அவர் தன் பெயரை எழுதி வைத்திருக்கிறார்.